“எனக்கு ஆட்டிசம்” என்று யாராவது உங்களிடம் நேராகச் சொல்லியிருக்கிறார்களா? நடந்ததை எழுதுங்கள்

தொடக்கப் பதிவு (கோவை)

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் புதிதாக ஒரு பையன் சேர்ந்தான். 24 வயதிருக்கும். சின்ன ஆடிட்டர் அலுவலகம், மொத்தமே 11 பேர்தான். முதல் நாள் மதியம் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்ததும் அவன் எழுந்து நின்றான்.

“ஒரு விஷயம் சொல்லிடறேங்க. எனக்கு ஆட்டிசம் இருக்கு. பேசும்போது உங்க முகத்தைப் பார்க்க மாட்டேன், ஆனா கேட்டுட்டுத்தான் இருப்பேன். பின்னாடியிருந்து வந்து தோளைத் தொடாதீங்க. வேலை சொல்றதா இருந்தா வாட்ஸப்ல எழுதிப் போட்டுடுங்க.”

சொல்லிவிட்டு உட்கார்ந்து தயிர்சாதத்தைப் பிசைய ஆரம்பித்துவிட்டான்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எங்கள் சீனியர் அக்கா, “சரி கண்ணு, ஊறுகாய் வேணுமா?” என்றார். “வேண்டாங்க, அந்த வாசனை எனக்கு ஒத்துக்காது” என்றான். அவர் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும் ஆட்டிசம்தான். 9 வருடமாக அதே அறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன், அங்கே ஒருவருக்கும் தெரியாது.

எனக்கே தெரிந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. மகனைப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தோம். நம் நாட்டில் ஆட்டிசத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். பரிசோதனை செய்த அம்மா ஒவ்வொரு கேள்வியாகப் படித்து, பையன் இப்படிச் செய்வானா, எவ்வளவு அடிக்கடி செய்வான் என்று கேட்டுக்கொண்டே வந்தார். பாதியில் என் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அவனைப் பற்றிச் சொல்லும் பதில்களில் பல என் சிறுவயதின் பதில்கள். ஆறு மாதம் கழித்துத் தனியாக நான் போய்ப் பார்த்தேன். சந்தேகம் தீர்ந்தது.

கணவருக்கு மட்டும் தெரியும். மாமியாரிடம், மகனுக்குப் “பேச்சு லேட்டா வருது” என்ற அளவில் நிறுத்தியிருக்கிறோம்.

அந்தப் பையன் நாலு வாக்கியத்தில் சொன்னதை என்னால் ஏன் சொல்ல முடியவில்லை என்று ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் கேட்கிறேன். உங்களுக்குத் தெரிந்த ஆட்டிசம் உள்ளவர்கள் அதைப் பற்றி வெளியில் பேசுகிறார்களா? நீங்களே அப்படியென்றால் யாரிடம், எப்போது, என்ன வார்த்தையில் சொன்னீர்கள்? கேட்டவர் அதற்குப் பிறகு எப்படி நடந்துகொண்டார்? அறிவுரை வேண்டாம். நடந்தது போதும்.

தஞ்சாவூரிலிருந்து ஓர் அம்மா

என் மகனுக்கு 19 வயது. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021-இல் வந்தபோதே மாற்றுத்திறனாளிகளுக்கும் கூட வருபவருக்கும் கட்டணம் இல்லை என்று ஆனது. நாங்கள் இரண்டு பேரும் அதில்தான் போய் வருவோம். ஒவ்வொரு தடவையும் அவனுடைய அட்டையை எடுத்து நீட்டும்போது அதே கேள்வி வரும். “யாருக்கும்மா இது? பையன் நல்லாத்தானே இருக்கான்?” கை, கால், கண் எதிலாவது குறை தெரிந்தால்தான் அவர்களுக்கு நம்பிக்கை வரும்.

நான் குனிந்து கண்டக்டர் காதுக்கு மட்டும் கேட்கும்படி, “தம்பிக்குக் கொஞ்சம் மூளை வளர்ச்சி…” என்று இழுப்பேன். அது உண்மையும் கிடையாது. சீக்கிரம் ஆளை விட்டால் போதும் என்று அப்படிச் சொல்லிப் பழகிவிட்டேன்.

சென்ற ஆடி மாதம் ஒருநாள் நான் இழுத்துக்கொண்டிருக்கும்போதே அவன் சத்தமாகச் சொன்னான். அவனுக்குக் குரலை அடக்கிப் பேச வராது. “மூளை வளர்ந்திருக்கு. எனக்கு ஆட்டிசம். கார்டுல எழுதியிருக்கு, படிங்க.” பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

கண்டக்டர் அட்டையை வாங்கிப் படித்தார். நடுத்தர வயது, நெற்றியில் விபூதி. “ஆட்டிசம்னா என்ன தம்பி?” என்று அவனிடமே கேட்டார். இத்தனை வருடத்தில் என்னைக் கேட்காமல் அவனைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். “சத்தமெல்லாம் எனக்குப் பெருசா கேட்கும். உங்க விசில் காதுக்குள்ள ஊசி குத்துற மாதிரி இருக்கு” என்றான்.

நாங்கள் இறங்க இன்னும் ஆறு நிறுத்தம் இருந்தது. ஆறிலும் அவர் விசிலை எடுக்கவே இல்லை. படிக்கட்டுக்குப் பக்கத்துத் தகரத்தில் உள்ளங்கையால் தட்டித் தட்டியே வண்டியை நிறுத்தி எடுத்தார்.

வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அழுதேன். கண்டக்டருக்கு மட்டும் கேட்கிறது என்று நினைத்துத்தான் இத்தனை வருடம் குரலைத் தாழ்த்தினேன். பக்கத்தில் நின்றுகொண்டு அவனும் அதைக் கேட்டுக்கொண்டுதானே இருந்திருக்கிறான்.

வேளச்சேரி, கணினித் துறை

எல்லா இடத்திலும் தகரத்தில் தட்டும் ஆள் கிடைப்பதில்லை. என் அனுபவம் வேறு.

2011-இல், எனக்கு 22 வயதில், ஆஸ்பெர்கர் என்று எழுதிக் கொடுத்தார்கள். யாரிடமாவது சொன்னால், “ஓ, பெரிய அறிவாளிகளுக்கு வருமே, அதுதானே?” என்பார்கள். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு மாறியது. ஆஸ்பெர்கர் என்ற தனிப் பெயர் போய் எல்லாம் ஆட்டிசம் என்ற ஒரே குடைக்குள் வந்துவிட்டது. நானும் ஆட்டிசம் என்று சொல்ல ஆரம்பித்தேன். அதே ஆள், அதே மூளை. ஆனால் இப்போது கேட்பவர்களின் முகத்தில் பரிதாபம். “பார்த்தா அப்படித் தெரியலியே” என்பார்கள். பாராட்டுவதாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். தெரியாமல் இருக்க நான் தினமும் எவ்வளவு பாடுபடுகிறேன் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

முந்தைய கம்பெனியில் டீம் லீடிடம் தனியாகச் சொன்னேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து வாடிக்கையாளர் அழைப்புகளில் என் பெயர் இல்லை. “உனக்கு ஸ்ட்ரெஸ் வேணாம்னுதான்” என்றார். நான் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று, அழைப்புக்கு முன்னால் என்ன பேசப்போகிறோம் என்று இரண்டு வரி எழுதி அனுப்பச் சொல்லி. பிறகு டீமில் சிலர் என்னிடம் நிறுத்தி நிதானமாக, குழந்தையிடம் பேசுவதுபோலப் பேச ஆரம்பித்தார்கள். ஏப்ரல் 2, உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். எல்லோரும் நீலச் சட்டை போட்டு வந்து, கேக் வெட்டி, என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். கை தட்டல் ஓய இரண்டு நாள் ஆனது எனக்கு. அந்த வருட மதிப்பீட்டில் “குழுவோடு ஒட்டுவதில்லை” என்று எழுதினார்கள். விலகிவிட்டேன்.

டேமியன் மில்டன் என்று ஒரு சமூகவியலாளர் இருக்கிறார், அவருக்கும் ஆட்டிசம். 2012-இல் அவர் ஒரு கருத்தை முன்வைத்தார். எங்களுக்குத்தான் மற்றவர் மனசு புரியவில்லை என்று காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, உங்களுக்கும் எங்கள் மனசு புரிவதில்லை என்றார் அவர். படித்த அன்று எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. மீட்டிங்கில் பத்துப் பேரும் நானும் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டால், திருத்திக்கொள்ள வேண்டியவன் எப்போதும் நான் ஒருவன் மட்டுமாகவே இருந்தேன்.

இப்போது இருக்கும் இடத்தில் ஆட்டிசம் என்ற சொல்லை யாரிடமும் சொல்லவில்லை. “எழுதிக் கொடுங்க”, “ஹெட்ஃபோன் போட்டுக்கறேன்”, “பார்ட்டிக்கு வரல” என்று தேவையை மட்டும் சொல்கிறேன். கேட்டது கிடைக்கிறது. ஆனால் கோவைப் பையன் எழுந்து நின்றதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

மதுரை, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

என்னிடம் படித்த ஒருவன் அரசு விண்ணப்பம் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். இப்போது அவனுக்கு 30 வயது. படிவத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்து, “ஐயா, இதுக்கு என்ன அர்த்தம்?” என்றான். “புற உலகச் சிந்தனையற்றோர்” என்று இருந்தது. ஆட்டிசத்துக்கு அரசுத் தாள்களில் புழங்கும் பெயர் அது. மதியிறுக்கம் என்றும் எழுதுவார்கள்.

பதம் பிரித்துப் பொருள் சொன்னேன். அவன் சன்னலைப் பார்த்தபடியே சொன்னான்: “புற உலகம்தான் ஐயா எனக்கு அளவுக்கு மீறி வருது. இப்ப உங்க ஃபேன் மூணு சுத்துக்கு ஒருதரம் கிடுக்குன்னு சத்தம் போடுது. அடுப்படியில கடுகு தாளிச்ச வாசனை. சட்டை காலர்ல லேபிள் உரசுது. எல்லாம் ஒரே நேரத்துல வருது. அதையெல்லாம் நினைக்காம ஒரு நிமிஷம் இருக்க முடிஞ்சா நல்லா இருக்கும்.”

அந்த மின்விசிறியின் கீழ் நான் 20 வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அவன் சொன்ன பிறகுதான் அந்தக் கிடுக் சத்தம் எனக்குக் கேட்டது.

கிரேக்கத்தில் ஆட்டோஸ் என்றால் ‘தான்’. தனக்குள் ஒடுங்கியவர் என்ற எண்ணத்தில் வைத்த பெயர் அது. 1943-இல் லியோ கானர் குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலும் அந்தச் சொல்தான். வெளியில் நின்று பார்த்தவர்கள் வைத்தது. தமிழில் நாம் அதைவிட ஒரு படி மேலே போய்ச் சிந்தனையே இல்லை என்று எழுதிவிட்டோம். ஊனமுற்றோர் என்ற சொல் மாற்றுத்திறனாளி என்று மாறியது நம் கண் முன்னால்தான். இதுவும் மாற வேண்டும். என்ன சொல் என்பதை அவனைப் போன்றவர்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். அவனைக் கேட்டேன். “இப்போதைக்கு ஆட்டிசம்னே இருக்கட்டும் ஐயா, சொல்லும்போது வலிக்கல” என்றான்.

நெல்லை, ஓர் அக்கா

தம்பிக்கு 31 வயசு. மோட்டார் காயில் கட்டுற கடை வெச்சிருக்கான். எத்தனை சுத்துன்னு எண்ணிக்கை தவறவே தவறாது, ரெண்டு தாலுகாவிலிருந்து வண்டி கட்டி மோட்டாரைக் கொண்டாந்து குடுப்பாங்க. 27 வயசுலதான் ஒரு டாக்டர் ஆட்டிசம்னு சொன்னாரு. “அப்ப நான் திமிர் புடிச்சவன் இல்லல்ல?”ன்னு அவன் அன்னைக்குக் கேட்டது இன்னும் என் காதுல இருக்கு. பள்ளிக்கூடத்துல வாங்கின அடியெல்லாம் அந்தப் பேர்லதான்.

போன வருஷம் ஒரு சம்பந்தம் வந்துச்சு. பக்கத்து ஊர் முருகன் கோயில்ல வெச்சுப் பார்க்கிறதா ஏற்பாடு. “வாயைத் திறந்து எதையும் சொல்லிராத”ன்னு அம்மா அவன்கிட்ட ஆயிரம் தடவை சொல்லியிருந்தா. அவன் ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல.

உச்சிகால பூஜை. இப்ப கோயில்ல மேளக்காரர் யாரு? சுவத்துல மாட்டின மெஷின், பொத்தானை அமுக்கினா முரசும் சேகண்டியும் மணியும் ஒரே நேரத்துல அடிக்கும். திரை விலகினதும் அது ஆரம்பிச்சுது. தம்பி ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டு விறுவிறுன்னு வெளிப் பிராகாரத்துக்குப் போயிட்டான். பொண்ணு வீட்டுல ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கிட்டே நின்னா.

நான் பின்னாலயே போனேன். வன்னி மரத்தடியில நின்னுக்கிட்டிருந்தான். கொஞ்ச நேரத்துல அந்தப் பொண்ணும் அவ அண்ணியும் வந்தாங்க. “என்னாச்சு?”ன்னு அந்தப் பொண்ணுதான் கேட்டுச்சு.

“எனக்கு ஆட்டிசம். இந்தச் சத்தம் தாங்காது. நாதஸ்வரம் தாங்குவேன், மைக்செட்டு முடியாது. யாராவது கேலி பண்ணினா எனக்குத் தெரியாது, நேரா சொல்லணும். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டாகணும். இது நோய் இல்ல, மருந்து கிடையாது, மாறாது.”

“வேற என்ன மாறாது?”ன்னு கேட்டுச்சு. அவன் ரொம்ப நேரம் யோசிச்சான். “மாசக் கடைசியில கடைப் பணத்தை எண்ணி அம்மா கையில குடுப்பேன். அது மாறணும்னா ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லணும்”னான்.

அந்தப் பொண்ணு குரலைத் தணிச்சு, “எங்க அக்கா பையனுக்கு நாலு வயசாகுது. இன்னும் பேச்சு வரல. குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கிட்டு ஓடுவான். அவனுக்கும் இதுவா இருக்குமா?”ன்னு கேட்டுச்சு. “எனக்குத் தெரியாது. டாக்டர்கிட்ட காட்டுங்க. அதுக்குள்ள அடிக்காதீங்க”ன்னான்.

ரெண்டு நாள் கழிச்சு ஜாதகம் சரியில்லைன்னு தரகர்கிட்ட சொல்லி அனுப்பிட்டாங்க. அம்மா ஒரு வாரம் அவன்கிட்ட பேசல. அவன் சங்கடப்பட்ட மாதிரியே தெரியல. “அப்புறமா தெரிஞ்சா எனக்குத்தானே கஷ்டம்”னு என்கிட்ட சொன்னான்.

இப்ப வர்ற தரகர் எல்லார்கிட்டயும் முதல் வார்த்தையே நான் அதைத்தான் சொல்றேன். அதனால நாலு இடம் தட்டிப் போயிருக்கு. இன்னும் கல்யாணம் ஆகல. அந்த நாலு வயசுப் பையனை டாக்டர்கிட்ட காட்டிட்டாங்கன்னு தரகர் மூலமா தெரிஞ்சுது.

லண்டன், யாழ்ப்பாணத்தவர்

என்ர மகளுக்கு இப்ப 16 வயது. கழுத்தில எப்பவும் சூரியகாந்திப் பூ போட்ட பச்சைப் பட்டி ஒண்டு போட்டிருப்பா. வெளியில தெரியாத குறைபாடு உள்ள ஆக்களுக்காக 2016-இல கட்விக் விமான நிலையத்தில துவங்கின பட்டி. இப்ப இங்க கடையள், ரயில் நிலையம் எல்லா இடமும் அதைத் தெரியும். அதைக் கண்டால் அவசரப்படுத்தாமல் நிண்டு கதைப்பினம். பள்ளிக்கூடத்திலயும் அவவே எழும்பி நிண்டு தன்னைப் பற்றிக் கதைச்சவ.

தடுமாறினது நான்தான். கோயில் தேருக்கு வெளிக்கிடேக்க, “அதைக் கழட்டிப் பையுக்குள்ள வை பிள்ளை” எண்டு சொன்னன். எங்கட சனம் கேட்கும் எண்ட பயம். அவ என்னைப் பார்க்காமலே கேட்டா, “ஏன் அம்மா? அங்கதானே சத்தம் கூட?” எனக்கு மறுமொழி இல்லை. போட்டுக்கொண்டே வந்தா.

அன்னதானத்துக்கு வரிசையில நிக்கேக்க ஒரு மாமி, “என்ன பிள்ளை இது, பள்ளிக்கூடப் பட்டியோ?” எண்டு கேட்டா. மகள் தனக்குத் தெரிஞ்ச தமிழில, “இல்லை மாமி, எனக்கு ஓட்டிசம். கனக்கச் சனம் நிண்டால் எனக்குக் கதைக்க ஏலாது. இதைப் பார்த்தால் ஆக்களுக்கு விளங்கும்” எண்டு சொன்னா.

மாமி கொஞ்ச நேரம் ஒண்டும் சொல்லேல்ல. நான் வேற கதை எடுக்கப் பார்த்தன். அப்ப அவ மெதுவா, “என்ர அண்ணை ஒராள் இருந்தவர். ஒருத்தரோடயும் கதைக்க மாட்டார். கிணத்தடியில கப்பி சுத்துறதைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க இருப்பார். ஊர் அவரை விசரன் எண்டது” எண்டா. பிறகு என்ர மகளிட்டக் கேட்டா: “கப்பி சுத்துறதைப் பார்த்தால் உனக்கும் பிடிக்குமோ பிள்ளை?” மகள், “ஓம் மாமி, சுத்துறது எல்லாம் பிடிக்கும்” எண்டா.

அந்த மாமியை எனக்கு 15 வருசமாத் தெரியும். அவவுக்கு ஒரு அண்ணை இருந்தவர் எண்டு அண்டைக்குத்தான் கேள்விப்பட்டன்.

திருச்சி, தேர்வுக்குப் படிப்பவர்

சொல்லாதவர்களும் இருக்கிறோம் என்று பதிவு செய்யத்தான் எழுதுகிறேன். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில்தான் ஆட்டிசம், சட்டம் ஏற்கும் 21 குறைபாட்டு வகைகளில் ஒன்றாக வந்தது. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு. அதில் 1 சதவீதத்தை எங்களைப் போன்றவர்களும் இன்னும் சில பிரிவினரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அட்டை வாங்கிவிட்டேன். விண்ணப்பத்தில் மட்டும்தான் சொல்கிறேன். விடுதித் தோழிகளுக்குத் தெரியாது. அட்டை பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கிறது. எனக்கு 23 வயது, இரண்டு தங்கைகள். நெல்லை அக்கா எழுதியதைப் படித்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கோழை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தாம்பரம், டீக்கடையில் பார்த்தது

பேச்சே இல்லாதவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நான் பார்த்ததை எழுதுகிறேன். எங்கள் தெரு முனை டீக்கடைக்கு ஓர் இளைஞர் அப்பாவோடு வருவார். கையில் டேப்லெட். அதில் படங்களைத் தொட்டால் அது பேசும். சென்னையிலேயே உருவான ஆவாஸ் என்ற செயலி அது, தமிழிலும் பேசும். ஒருநாள் யாரோ அவருடைய அப்பாவிடம், “பையனுக்கு என்ன சார் பிரச்சினை?” என்று கேட்டார்கள். அப்பா வாயைத் திறப்பதற்குள் அந்த இளைஞர் தொட்டார். டேப்லெட் சொன்னது: “ஆட்டிசம்.” கேட்டவர் சங்கடப்பட்டு நகரப் போனார். இளைஞர் மறுபடி தொட்டார். “சர்க்கரை கம்மி.” டீக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே, “தெரியும் தம்பி, தினமும் குடிக்கிறதுதானே” என்று ஆற்ற ஆரம்பித்தார்.

தொடக்கப் பதிவிட்டவர் (கோவை)

எல்லாவற்றையும் இரண்டு மூன்று முறை படித்தேன். திருச்சித் தங்கை, உங்களைக் கோழை என்று நினைக்க எனக்குத் தகுதியே இல்லை.

தஞ்சாவூர் அம்மா எழுதியதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. என் மகனுக்கு ஆறு வயது. “பேச்சு லேட்டா வருது” என்று நான் மாமியாரிடம் சொல்லும்போதெல்லாம் அவன் பக்கத்தில்தான் விளையாடிக்கொண்டிருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை மாமியாரிடம் அந்த வார்த்தையைச் சொன்னேன். முதலில் அவனுக்கு, பிறகு எனக்கு. கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது. “நீ கல்யாணமாகி வந்த புதுசுல மிக்ஸி போட்டாப் போதும், கொல்லப்பக்கம் போயிருவியே, அதுக்கு இதுதானா காரணம்?” என்றார். ஆமாங்க அத்தை என்றேன். “எனக்கு வேலை பிடிக்காம ஓடறேன்னு நெனச்சுட்டேன்” என்று சொல்லிவிட்டு மறுபடி கீரையைக் கையில் எடுத்தார். வேறெதுவும் கேட்கவில்லை.

அலுவலகத்தில் எழுந்து நிற்கும் தைரியம் வரவில்லை. வாட்ஸப் குழுவில், “வேலை சொல்றதா இருந்தா எனக்கும் எழுதிப் போட்டுடுங்க” என்று மட்டும் எழுதினேன். சீனியர் அக்கா என் மேஜைக்கு வந்தார். பின்னாலிருந்து வராமல், சுற்றிக்கொண்டு முன்பக்கமாக வந்து நின்றார். “உனக்குமா கண்ணு?” என்றார். தலையை ஆட்டினேன்.

“அந்த ட்யூப்லைட்டு கண்ணைக் கூசுதா?” என்று கேட்டார். மூன்று நாளாக என் தலைக்கு மேல் இருக்கும் விளக்கை யாரும் போடுவதில்லை.